இரண்டாம் பந்தி விமர்சகர்

அந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஐந்து வருஷத்தில் நான் ஒரு படத்தையாவது நிம்மதியாகப் பார்த்திருப்பேனா என்றால், இல்லை. ஒரு நாவலை நிம்மதியாகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. செல்போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு இருக்கிறதே, அதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. இன்றைக்கும் திரையில் யாராவது மழையில் ஓடினால் என் கண் கதாநாயகியின் முகத்துக்குப் போவதில்லை, முந்தானைக்குத்தான் போகிறது. நனைந்ததா, அடுத்த காட்சியில் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். இந்தப் பாவம் முழுக்க அவரைத்தான் சேரும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பட்டுக் கடையில் நான் பில் போடும் வேலையில் இருந்தேன். அவர் அதே மாடியில், கல்யாண முகூர்த்தப் புடவைப் பிரிவில் விற்பனையாளர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதையும் வாங்கிப் படித்துவிட்டு எத்தனை இடத்தில் தப்பு என்று விரல் விட்டு எண்ணுவார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம்.

பட்டுக் கடைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். ஒரு பக்கம் குடும்பம் சம்மணம் போட்டு உட்காரும், எதிரே விற்பனையாளர் புடவையை எடுத்து எடுத்து விரிப்பார். விரித்த புடவையை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. கட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். கல்யாணப் பெண் கூச்சப்படும், இல்லாவிட்டால் வந்தே இருக்காது. அப்போது விற்பனையாளரே எழுந்து நின்று, இடுப்பில் கொசுவம் செருகி, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவார். பேன்ட்டும் அரைக்கைச் சட்டையும் போட்ட ஆண்பிள்ளைதான். எங்கள் ஊர்க் கடைகளில் இது பழகிப்போன காரியம்.

ஆனால் அவர் கட்டுவது தனி. ஐம்பதைத் தாண்டிய வயது, கருகருவென்று மீசை, கொஞ்சம் தொப்பை. இரண்டே சுற்றில் புடவையை உடம்பில் நிறுத்திவிடுவார். இடது தோளை லேசாக இறக்கி, முந்தானையை முன்கையில் வாங்கிக்கொண்டு, பாதி திரும்பி நிற்பார். அந்த நிலையில் நின்றுகொண்டு, "உங்க பொண்ணு கலருக்குன்னே வந்து எறங்கினதும்மா" என்று சொல்வார் பாருங்கள், அப்படி ஒரு குரல். தேன் ஒழுகும். கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை போட்ட, கண்ணைக் குத்துகிற ஒரு புடவையை ஒரு குடும்பம் பிடிவாதமாக எடுத்தபோதும் அதே குரலில்தான் பாராட்டினார். எங்கள் கடையில் எந்தப் புடவையையும் நன்றாக இல்லை என்று சொல்லக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் "இது வேணாம்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாளே அவரைக் கீழே துண்டுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டாம் பந்தி. மூன்றாவது மாடியில் ஸ்டாக் ரூமை ஒட்டிய அறை. பில் போடும் நான், கேஷ் கவுன்டர் குணா அண்ணன், பேக்கிங் மல்லிகா அக்கா, அப்புறம் அவர். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கும்போதே அந்தத் தேன் குரல் போய்விடும்.

"காலைலேர்ந்து நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லி வாயே புளிச்சிப் போச்சி. இங்க ஒருத்தரும் என்கிட்ட எதுவும் நல்லா இருக்குதான்னு கேக்காதீங்கபா" என்பார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். எங்களுக்குத்தான் புத்தி இல்லை.

மல்லிகா அக்காவுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைத் திங்கட்கிழமை முழுசாகச் சொன்னால்தான் சோறு இறங்கும்.

"கல்யாணத்தன்னிக்கே அவள கிணத்துல தள்ளிட்றாங்கண்ணா. ராத்திரியில மெதுவா ஏறி வருது. தலைய விரிச்சிக்கினு, வெள்ளைப் புடவை கட்டிக்கினு..."

"இரு, இரு. இன்னா புடவை?"

"வெள்ளைண்ணா."

"கல்யாணத்தன்னிக்கு தானே செத்தா? அப்ப அரக்குலயோ மாம்பழக் கலர்லயோ பட்டு கட்டிக்கினு இருந்திருப்பா. கிணத்துக்குள்ள போயி அவளுக்கு வெள்ளைப் புடவை வித்தவன் யாரு?"

"பேய்ண்ணா அது!"

"பேய்னா கலர் புடிக்காதா? அதுவும் கிணத்துலேர்ந்து ஏறி வருது, கஞ்சி போட்ட மாதிரி வெறப்பா நிக்குது புடவை. இதப் பாத்து நீ பயந்தியா?"

குணா அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. மல்லிகா அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பயப்படுவதற்கென்றே டிக்கெட் எடுத்த பெண், பிறகு எந்தப் பேயைப் பார்த்தாலும் இது எந்தக் கடையில் எடுத்த புடவை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

என் முறையும் வந்தது. நூலகத்தில் எடுத்த காதல் நாவல் ஒன்றைச் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்திருந்தேன். கதாநாயகன் சென்னையிலிருந்து காரில் கதாநாயகியைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வருகிறான், பத்து நிமிஷத்தில் முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். நான் அந்த இடத்தில் உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் இடது கையால் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"பத்து நிமிஷமா? முதல் புடவையே அவளுக்குப் புடிச்சிப் போச்சின்னு எழுதியிருக்கான் பாரு. ஏமா, முதல் புடவையே புடிச்சிப் போச்சின்னா நானெல்லாம் எதுக்கு? மாமியாக்காரி எங்க? நாத்தனார் எங்க? போன்ல போட்டோ அனுப்பி, அங்கேர்ந்து ஒரு சித்தி வேணாம்னு சொல்லுமே, அந்தச் சித்தி எங்க? இவன் கல்யாணம் பண்ணிக்கலமா. பொண்ணக் கடத்திக்கினு போறான்."

அதற்கப்புறம் அந்த நாவலில் அவன் "கண்மணி" என்று கூப்பிட்ட இடமெல்லாம் எனக்குக் கடத்தல்காரன் மிரட்டுவதுபோலவே கேட்டது. பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குணா அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு போனை எடுத்து மிட்டாய் உடைப்பார். அந்த விளையாட்டில் ஐந்து உயிர் தருவார்கள். ஐந்தும் போனால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், மறுபடி வரும். இதை அவரிடம் விளக்கப்போனார் பாவம்.

"போன உசுரு காத்துக்கினு இருந்தா திரும்ப வருதா? அப்ப உனக்கு இன்னா பயம்? பயமே இல்லாம அது இன்னா ஆட்டம்? நெத்தியச் சுருக்கிக்கினு வேற ஆடற!"

"சரிண்ணா, செஸ் பாருங்க. இதுல போனா போனதுதான்."

அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எதிராளியின் குதிரை குணா அண்ணனின் சிப்பாயை வெட்டியது. ராஜா ஒரு கட்டம் நகர்ந்தார்.

"இந்த ராஜா ஒரு கட்டந்தான் நவுருவாரா?"

"ஆமாண்ணா."

"மத்தவன்லாம் அவருக்காவ ஓடி ஓடிச் சாவான்?"

"ஆமாண்ணா."

"இத ஒண்ணுதான்யா நம்ம கடையப் பாத்து எழுதியிருக்கான்."

ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு விளையாட்டுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

தொலைக்காட்சிக் காமெடியைப் பற்றிப் பேச்செடுத்தால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். வசனம் முடிந்ததும் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்து வைத்திருப்பார்களே, அதைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. "சமைச்சவனே சாப்ட்டுட்டு ஏப்பமும் விட்டுட்டான்னா, எலை போட்டு என்னை எதுக்குக் கூப்புட்ட?" என்று அந்த நேரத்தில் அங்கே இல்லாத யாரையோ பார்த்துக் கத்துவார்.

"கதைதானேண்ணா, விடுங்களேன்" என்று ஒருநாள் நான் சொல்லிவிட்டேன்.

"கதைன்னா பொய் சொல்லலாமா? பொய்ய நான் கீழ சொல்றேன்ல, சம்பளத்துக்கு? என்கிட்ட வேற ஒருத்தன் வந்து பொய்ய விக்கணுமா? மழையில பட்டுப் புடவையோட ஓட்றாளாம். நனைஞ்ச பட்டு எவ்ளோ கனம் தெரியுமாமா? அத இடுப்புல கட்டிக்கினு நாலடி நடக்கச் சொல்லு பாக்கலாம். ஓட்றாளாம்!"

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைக்கு விடுமுறை. முதலாளி எல்லோரையும் படத்துக்குக் கூட்டிப் போனார். அண்ணாவுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று நாங்கள் சீட்டுக்குச் சண்டை போட்டோம். கடைசியில் நான்தான் மாட்டிக்கொண்டேன். படத்தில் கதாநாயகியின் அப்பா எங்கள் ஊர் நெசவாளி. மகளின் கல்யாணப் புடவையைத் தன் கையால் நெய்துவிட்டுத்தான் சாவேன் என்று இருமிக்கொண்டே தறியில் உட்கார்கிறார். வயலின் அழுகிறது. நான் கைக்குட்டையை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இவர் எழுந்து நின்றார்.

"யோவ், தறில பாவே இல்லய்யா! வெறுந்தறில இன்னாயா நெய்யறான் அந்தாளு?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். அது இல்லாமல் நெய்வது, அடுப்பில் சட்டியே வைக்காமல் கரண்டியால் கிண்டுவதுபோல. வேறு ஊராக இருந்தால் இவரை உட்கார வைத்திருப்பார்கள். இது காஞ்சிபுரம். தியேட்டரில் பாதிப் பேர் தறிக் குடும்பம். பின் வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணன் சொல்றது கரெக்டுபா!" என்றார். இன்னொருவர், "நாடாவத் தலைகீழா புடிச்சிக்கினு இருக்காம்பா!" என்றார். நாடா என்பது குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு தப்பு கண்டுபிடித்தார்கள். திரையில் அந்த அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டபோது தியேட்டரே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. டார்ச் லைட்டோடு வந்த ஆள் இவரை வெளியே வரச் சொன்னார். "என்னை ஏன் கூப்புட்ற? படத்த எடுத்தவனக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். அழுவதற்கு எனக்கு இருந்த உரிமையைப் பறித்ததற்கு அவரை நான் மன்னிக்கவே இல்லை.

இத்தனை வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் எனக்கு ஒரு விஷயம் தெரியும். அந்தக் கடையில், அந்த மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டால், பொய் சொல்லாத வாய் அது ஒன்றுதான்.

அதனால்தான் என் கதைக்கு அவருடைய அபிப்பிராயம் எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. நான் தென்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். வாலாஜாபாத் வழியாக வந்து சேரும் அந்த நேரத்தில் போனில் கதை எழுதுவேன். எல்லாம் சிரிப்புக் கதைகள். எனக்கு வேறு எதுவும் வராது, வேறு எதற்கும் ஆசையும் இல்லை. மனிதர்களைச் சிரிக்க வைத்தே பிழைக்க வேண்டும், இந்த பில் கவுன்டரை விட்டு எழுந்து போக வேண்டும். அது நடக்குமா, அல்லது நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா என்று நேர்மையாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை வந்தது. "மீசை வைத்த மணப்பெண்" என்று தலைப்பு. ஒரு பட்டுக் கடை விற்பனையாளர், பெரிய மீசை, கொஞ்சம் தொப்பை. அரக்கு நிறக் கல்யாணப் புடவையைத் தன் மேல் கட்டிக் காட்டுகிறார், மொத்தக் குடும்பமும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பாட்டி திருஷ்டி கழிக்கிறார். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டதால் பெண் பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று தாம்பூலம் மாற்றப் பார்க்கிறார். யாரைப் பார்த்து எழுதினேன் என்று கடையில் கைக்குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அன்போடுதான் எழுதினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையே கொண்டாடியது. மேனேஜர் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். குணா அண்ணன் எல்லோருக்கும் வடை வாங்கினார். எனக்கு அதெல்லாம் போதவில்லை. மத்தியானம் பத்திரிகையை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். உட்காரக்கூட இல்லை. அவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, முழுசாக இரண்டு தடவை படித்தார். மல்லிகா அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். இப்போது கிழிக்கப் போகிறார், எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குதும்மா. அம்சமா இருக்குது."

தேன் குரல்! மெத்தையில் உட்கார்ந்து பேசுகிற குரல்! ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அந்த அறைக்குள் கேட்காத குரல். கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கரை போட்ட புடவைக்குச் சொன்ன அதே பாராட்டு. மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. குப்பைப் படத்துக்குக்கூட அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், எனக்கு அதைக்கூடச் செய்யவில்லை. திட்டக்கூட லாயக்கில்லாத கதை என்று நினைத்துவிட்டார் என்று தோன்றியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம்தான் அங்கே இருந்தேன். அந்த மூன்று மாதமும் கடையில் அவருக்கு அதுதான் பெயர். "மணப்பெண்ணு வந்தாச்சா?" என்று மேனேஜரே கேட்பார். அவர் புடவையைத் தோளில் போட்டால் மற்ற விற்பனையாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என் கதை இத்தனை பேரைத் தொட்டுவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு சென்னையில் காமெடி வீடியோக்களுக்கு வசனம் எழுதும் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

நான்கு வருஷம் கழித்து ஒரு பதிப்பாளர் என் சிரிப்புக் கதைகளைப் புத்தகமாகப் போட முன்வந்தார். "மீசை வைத்த மணப்பெண்தான் முதல் கதை, அட்டைப்படமும் அதுதான்" என்றார். எனக்கு மறுபடி அந்தத் தேன் குரல் காதில் ஒலித்தது, மறுபடி எரிந்தது. இந்தத் தடவை விடக்கூடாது, அந்தப் பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

கடையில் கூட்டம் இல்லை. மாடியில் அதே மெத்தையில் அவர் உட்கார்ந்திருந்தார். மீசை பாதி நரைத்திருந்தது, சாயம் போடுவதை விட்டுவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு பொம்மை நின்றது. துணிக் கடை வாசலில் நிற்குமே, ஆளுயரத்துக்கு, அது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு.

"வாம்மா, வா. இன்னா பாக்கற? உனக்கா, வேற யாருக்காவதா?" என்று புடவையை எடுக்கப் போனார்.

"புடவை வேணாம்ணா. அன்னிக்கு என் கதையைப் படிச்சிட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, அது பொய்தானே?"

அவர் எடுத்த புடவையைத் திரும்ப வைத்தார்.

"ஆமா."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? ஊர்ல இருக்கற அத்தனை படத்தையும் கிழிப்பீங்க. என்னுதுக்கு மட்டும் என்ன கேடு?"

"நீ எப்படி வந்து நின்ன தெரியுமா? மனசுல முடிவு பண்ணிட்டு, சும்மா நம்ம வாயிலேர்ந்து ஒரு வார்த்தைக்காவ பாப்பாங்க பாரு கஸ்டமரு, அந்த மாதிரி நின்ன. அப்படி நிக்கறவங்ககிட்ட நான் இன்னிவரைக்கும் இல்லன்னு சொன்னது கெடையாது."

"நான் கஸ்டமராண்ணா?"

"அன்னிக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான். "இப்ப நான் அப்படி நிக்கல. இப்ப சொல்லுங்க. எங்க தப்பு?"

அவர் யோசிக்கவே இல்லை. நான்கு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததுபோலச் சொன்னார்.

"சிரிக்க மாட்டாங்கமா."

"யாரு?"

"அந்தக் குடும்பம். நான் புடவையத் தோள்ல போட்டதும் எல்லாரும் சிரிக்கறாங்கன்னு எழுதியிருக்கற. இருபத்தாறு வருஷம் போட்டேன், ஒருத்தர் சிரிச்சது இல்ல. அவங்க கண்ணு புடவையில இருக்கும். பொண்ணுமேல எப்படி விழும், மணவறையில எப்படித் தெரியும், அதே நெனப்பாத்தான் பாப்பாங்க. அந்த நேரத்துல நான் அங்க இல்லவே இல்லமா. எனக்கு மீசை இருக்குதா இல்லியான்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. அதனாலதான் என்னால அதச் செய்ய முடிஞ்சிது. சிரிச்சது நீதான், பில் டேபிள்லேர்ந்து. அத அவங்க மேல போட்டுட்ட."

நான் பில் டேபிள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"உன் கதை வந்தப்புறம் நம்ம ஆளுங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டுதுன்னா கஸ்டமரு எதுக்குன்னு நிமிந்து பாப்பாங்கல்ல? பாத்தாங்க. நீ சென்னைக்குப் போனப்புறம் முதல் தடவ ஒரு பொண்ணு என் மூஞ்சியப் பாத்துது. நான் புடவையோட நிக்கறேன். அது சிரிச்சிச்சு. அன்னிக்கே நான் புடவையத் தோள்லேர்ந்து எறக்கி வெச்சிட்டேன், அப்புறம் போடல. முதலாளி இந்தப் பொம்மைய வாங்கிப் போட்டாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. பேய் கட்டிய புடவைக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே என் முகத்தில் அந்தப் பத்திரிகையை எறிந்திருக்கலாம். சோற்றுத் தட்டு முன்னால், எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நோட்டீஸ் போர்டிலிருந்து அதைக் கிழித்திருப்பேன், இவ்வளவு தூரம் போயிருக்காது. வாயைத் திறக்க வேண்டிய ஒரே நாளில் இந்த மனிதர் மரியாதையாக நடந்துகொண்டார்.

"அந்தக் கதைய எடுத்துடறேண்ணா. புத்தகத்துல வராது."

"எடு, எடுக்காம போ. இந்தப் பொம்ம எழுந்து வெளிய போவப் போறது இல்ல."

அப்போது படியேறி ஒரு குடும்பம் வந்தது. அம்மா, பெரியம்மா, ஒரு மாமா, கையில் போனோடு ஒரு தங்கை. ஆவணியில் கல்யாணமாம், பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாளாம். அவர் வாயில் தேன் வந்துவிட்டது. பத்துப் புடவை விரித்தார். மயில்கழுத்து நிறம் ஒன்றில் வந்து நின்றார்கள். அதைப் பொம்மையின் மேல் சுற்றினார். பொம்மைக்குத் தோள் இறங்கவில்லை, கை மடங்கவில்லை. முந்தானை வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இதுல ஒண்ணும் தெரியலீங்களே. யாராச்சும் கட்டிக் காட்டினா பரவால்ல" என்றார் அந்த அம்மா.

அடுத்த மெத்தையில் இருந்த இரண்டு விற்பனையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் உதட்டைக் கடித்தான். அவர் பொம்மையின் தோளில் ஊசியைக் குத்திக்கொண்டே, "இதுலயே நல்லா தெரியும்மா, கொஞ்சம் இருங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "என் மேல போடுங்கண்ணா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பொம்மையிலிருந்து புடவையை உருவி, என் சுடிதார் மேல் சுற்றினார். குனிந்து கொசுவத்தை விரலில் அடுக்கிச் செருகக் கொடுத்தார். முந்தானையைத் தோளில் போட்டார். நான்கு பேரும் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்ததால் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். பதிலுக்கு அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்ததே அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் என் இடுப்பில் தொடங்கி, கரையோடு இறங்கி, கொசுவத்தில் நின்றது.

"அந்தப் பக்கமா திரும்பச் சொல்லுங்க" என்று அண்ணாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பினேன். தங்கை போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். கழுத்துக்குக் கீழே மட்டும் எடுக்கிறாள் என்று தெரிந்தது. அனுப்பிய கையோடு போனில் பெங்களூர்ப் பெண்ணின் குரல் "இன்னொரு தடவை முந்தானையைக் காட்டு" என்றது.

"உங்க பொண்ணு கட்டி நின்னா மணவறையே மயிலாட்டம் இருக்கும்மா" என்று அவர் அவர்களைப் பார்த்துத் தேனாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே முந்தானையைச் சரிசெய்ய என் பக்கம் குனிந்தவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு சீறினார்.

"தோளா இது? துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது. எத வெச்சி புடவைய நிறுத்தறது? காலக் கோணலா வெச்சிக்கினு, கழுத்த நீட்டிக்கினு... நேரா நில்லுமா!"

ஒன்பது வருஷமாக நான் அவரிடம் எதிர்பார்த்தது அதுதான். சுரீரென்று கோபம் வந்தது. நேராக நின்றேன்.